பெருகட்டும் சிறு விளையாட்டுகள்!

"இத்தனை விளையாட்டுகள் எதற்கு? யார் ஆடி முடிப்பது?" என்று விடுதி நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கணினி விளையாட்டுகளை இணைய வழியே விற்கும் 'ஸ்டீம்' என்னும் கடையில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வெளிவந்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது! அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தனியொருவரோ, நாலைந்து பேரோ சொந்த முயற்சியில் உருவாக்கியவை. 100 டாலர் கட்டினால் எவரும் தம் படைப்பை அங்கே விற்பனைக்கு வைக்கலாம் என்ற முறை 2017இல் வந்தது. அதன்பின் இந்த வெள்ளத்திற்கு அணையே இல்லை. குப்பை பெருகிவிட்டது என்பது நண்பரின் கட்சி. பெருகியது நல்லதே என்பது என் கட்சி.

பெரிய விளையாட்டுகளை நான் பழிக்கவில்லை. 2018இல் வெளிவந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'இல் குதிரையின் குளம்படி பனியில் பதிவதைக் கண்டு வியந்திருக்கிறேன். கண்டதோடு சரி, ஆடியதில்லை. கணினியில் அதற்கு 150 ஜிபி இடம் வேண்டும். நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் கைபேசித் திட்டத்தில் அதை இறக்கிக்கொள்ள நூறு நாள் ஆகும். அந்த நூறு நாளும் வீட்டில் வேறெவரும் கைபேசியைத் தொடக்கூடாது! 'ஸ்டார்டியூ வேலி' என்னும் சிறு விளையாட்டு கேட்பதோ வெறும் 500 எம்பி. பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது.

கோடிக்கணக்கான டாலரைக் கொட்டும் நிறுவனத்திற்கு அச்சம் மிகுதி. சென்ற முறை விற்றதையே இம்முறையும் செய்வோம் என்பதே அதன் கொள்கை. அப்படியும் தப்புவதில்லை. சோனி நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட 'கான்கார்ட்' இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது; அதை உருவாக்கிய கூடமும் அவ்வாண்டே மூடப்பட்டது.

இனி, 2023இல் கனடாவின் டொராண்டோ நகரத்துச் சிறு குழுவொன்று வெளியிட்ட 'வெண்பா'வைப் பாருங்கள். பெயரே தமிழ்! 1980களில் அங்குக் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியின் கதை அது. வெண்பாவிடம் அவள் தாயின் சமையற் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் போனதால், விடுபட்டதை நாமே ஊகித்து இட்டிலி அவிக்க வேண்டும், புட்டு வைக்க வேண்டும். மகன் கவினோ வளர வளரத் தமிழை விட்டு விலகிப் போகிறான். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. நண்பரின் மடிக்கணினியில் ஒரே மாலையில் ஆடி முடித்துவிட்டு, அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா, முதற்படைப்புக்கான விருதை இதற்கு அளித்தது. இட்டிலி அவிக்கும் விளையாட்டுக்கு எந்தப் பெருநிறுவனத்தின் கணக்குப்பிள்ளை பணம் ஒதுக்குவார்? ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக முயலும் இடத்தில்தான் இப்படி ஒன்று பிறக்க முடியும்.

ஆனால் இப்பெருக்கத்தின் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். 'ஸ்டார்டியூ வேலி'யின் ஓவியம், இசை, கதை, நிரல் அனைத்தையும் எரிக் பரோன் என்ற ஒருவரே நான்கரை ஆண்டு உழைத்து ஆக்கினார். 2016இல் வெளிவந்த அது 2024 இறுதிக்குள் 4 கோடிக்கு மேல் விற்றது. அந்த நான்கரை ஆண்டும் அவரைத் தாங்கியவை தோழியின் ஊதியமும், கலையரங்கொன்றில் இருக்கை காட்டும் பகுதிநேர வேலையும். இக்கதையைச் சொல்லி, "நீயும் முயன்றால் முடியும்" என்று முழங்குவோரைக் கண்டால் எனக்குச் சினமே வருகிறது. என் தந்தை ஒரு கல்லூரிக்குள் முதன்முதலாகக் காலடி வைத்ததே என் சேர்க்கை நாளன்றுதான். பட்டம் கைக்கு வந்த மறுமாதமே என் சம்பளத்தை எதிர்பார்க்கிறது வீடு. நான்கரை ஆண்டு ஊதியமின்றி உட்கார எங்களைப் போன்றோரால் ஆகுமா? வென்ற ஒருவரின் பெயர் தெரிகிறது. சேமிப்பைக் கரைத்து, எவர் கண்ணிலும் படாமல் போனவர்களின் பெயர் எவருக்குத் தெரியும்?

சிறியவரே யானையாகி விடுவதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த சிறு குழுவின் 'ஹாலோ நைட்: சில்க்சாங்' 2025 செப்டம்பர் 4 அன்று வெளிவந்தபோது இணையக் கடைகளே தடுமாறி நின்றன. அதன் காலில் மிதிபடாமல் இருக்க, வேறு சிறு படைப்பாளர் பலர் தம் வெளியீட்டைத் தள்ளிவைத்தனர்.

ஆகவே, குறைந்த செலவில் தோற்றுப் பார்க்க இடம் வேண்டும் என்கிறேன். அந்த இடம் நம் கல்லூரியிலேயே இருக்கிறது. 'கோடோ' என்னும் விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் 2014 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நம் ஆய்வகக் கணினிகளுக்கு அது ஒரு சுமையே அன்று. இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஆண்டுதோறும் நூலக மேலாண்மையும் வருகைப் பதிவேடும் செய்து அளிக்கிறோம். அடுத்த ஆண்டு, விரும்புவோர் அதற்குப் பதில் ஒரு சிறு விளையாட்டைச் செய்ய அனுமதிக்குமாறு துறைத்தலைவர் அவர்களை வேண்டுகிறேன். ஒரு பருவம் போதும். தோற்றாலும் மதிப்பெண் உண்டு. எங்கள் ஊர் வாரச்சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் ஆட்டம் ஒன்று இப்போதே என் மனத்தில் இருக்கிறது.