பிளஸ் ஒன்னில் சமூகவியல் வேண்டும்



போன வாரம் தண்டலம் பஸ் ஸ்டாப்பில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். ஆறு வருடமாகக் காண்ட்ராக்ட் வேலை. "நான் சரியாப் படிக்கல சார், அதான் பர்மனென்ட் ஆகல" என்றான். கூட நின்றவர்களும் காண்ட்ராக்ட்தான். இரண்டு பேர் டிப்ளமோ முடித்தவர்கள். அத்தனை பேருமா படிக்காதவர்கள்? "படிக்கலன்னா இப்படித்தான்" என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி அவன் மனதில் ஏற்றியவன் நான்தான்.

ஒருவன் கஷ்டத்துக்கும் ஊர் நிலைமைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பாடம் சமூகவியல். என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்புக்கே புத்தகம் போட்டிருக்கிறது. நம் பக்கத்துப் பள்ளிகளில் நான் கண்டதில்லை.

1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாம் விசாரித்து எழுதிவரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமானது. காஞ்சிபுரம் பக்கத்துத் தூசியும் அதில் உண்டு. அவர் பொருளாதாரக்காரர்தான், ஆனால் செய்தது இந்த வேலை.

நம் பிள்ளைகளும் தண்டலத்தில் விசாரிக்கட்டுமே. நிலம் கொடுத்த வீட்டில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? வடமாநிலப் பையன்களிடம் ஓர் அறைக்கு என்ன வாடகை வாங்குகிறோம்? யாருக்கு வீடு தர மறுக்கிறோம்? வாடகைக்கு விட்டிருக்கும் சொந்தங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். முதலில் என் வீட்டுக்கே வரட்டும்.