சும்மா படுத்திருக்கும்போது நெஞ்சு ஏன் அடிச்சுக்குது?

"சார், பகல்ல வேலை பார்க்கும்போது ஒண்ணும் தெரியல. ராத்திரி எல்லாத்தையும் முடிச்சிட்டுப் படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஈசிஜி எடுத்தாச்சு, நார்மலாம். கேஸா இருக்கும், டென்ஷனா இருக்கும்னு அனுப்பிட்டாங்க."

ஓபியில் அடிக்கடி கேட்கிற புகார் இது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

முதல்ல ஆறுதலான விஷயம். இப்படி வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை. இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சம் தடவை துடிக்குது. பகல் சத்தத்துல அது நம்ம கவனத்துக்கே வர்றதில்லை. ராத்திரி ஃபேன் சத்தம் மட்டும் இருக்கும்போது கேட்குது. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா இதயம் நெஞ்சுச் சுவரோட ஒட்டி வருது, இன்னும் நல்லாவே தெரியும்.

"ஒரு துடிப்பு விட்டுப் போகுது, அப்புறம் டொம்முன்னு இடிக்குது"ன்னு சிலர் சொல்வாங்க. உண்மையில துடிப்பு எதுவும் விட்டுப் போகலை. ஒரு துடிப்பு முந்திக்கிட்டு வந்துடுது. அதுக்கு எக்டோபிக்னு பேரு. அதுக்குப் பிறகு இதயம் ஒரு கணம் நின்னு நிதானிக்கும்போது வழக்கத்தைவிட அதிக ரத்தம் நிரம்பும். அடுத்த துடிப்பு அதை அழுத்தித் தள்ளுது. அந்த 'டொம்' அதுதான். ஓய்வுல நாடி மெதுவா ஓடுறதால முந்தி வர்றதுக்கு இடைவெளி கிடைக்குது, பகல்ல வேகமா ஓடும்போது அது குறைவு. இதயம் நல்லா இருக்கிறவங்களுக்கும் இது சாதாரணமா வரும்.

இப்போ என்னோட ஆதங்கத்துக்கு வர்றேன்.

படபடப்பு இல்லாத நேரத்துல எடுத்த ஈசிஜியைக் காட்டி "ஒண்ணுமில்ல" என்று அனுப்புவது பாதி வைத்தியம். ஒரு ஈசிஜி பதிவு செய்வது வெறும் 10 விநாடி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. திருடன் போன பிறகு சிசிடிவியை ஆன் பண்ணிப் பார்த்துட்டு, இந்தத் தெருவில் திருட்டே நடக்கலைன்னு சொல்ற கதைதான். அந்த ஈசிஜி வீண்னு சொல்லல. பிறவியிலேயே இருக்கிற சில மின்பாதைக் கோளாறுகள், பழைய மாரடைப்பின் தடம் எல்லாம் அதில் தெரியும். ஆனா "அந்த நேரத்துல என்ன நடந்துச்சு" என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இந்தத் தப்பை நானே செஞ்சிருக்கேன். முப்பதுகளில் ஒரு தங்கச்சி, ரெண்டு குழந்தைங்க. ரெண்டு தடவை வந்தாங்க. ரெண்டு தடவையும் ஈசிஜி நார்மல். வீட்டுல பிரச்சினையான்னு கேட்டேன். யார் வீட்டுலதான் இல்ல? ஆமான்னாங்க. பதற்றத்துக்கு ஒரு மாத்திரை எழுதி அனுப்பிட்டேன்.

மூணாவது தடவை, படபடப்பு இருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பையன் பைக்ல கூட்டிட்டு வந்துட்டான். மானிட்டர்ல நாடி 190. எஸ்விடி. அடினோசின் ஊசி போட்டோம், சில விநாடியில் நின்னுச்சு. மூச்சு சீரானதும் அவங்க சொன்னது: "இதைத்தானே சார் அன்னைக்கே சொன்னேன், ஸ்விட்ச் போட்ட மாதிரி வந்து ஸ்விட்ச் அணைச்ச மாதிரி நிக்குதுன்னு."

சொல்லியிருந்தாங்க. நின்ன பிறகு நாலஞ்சு தடவை யூரின் போகுதுன்னும் சொல்லியிருந்தாங்க. ரெண்டுமே பாடப்புத்தகத்துல இருக்கிற அடையாளம். நான் காது கொடுக்கலை.

நான் மட்டும் இல்லை. 1997-ல் அமெரிக்காவில் எஸ்விடி உறுதியான 107 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதில் 59 பேருக்கு முதல் பரிசோதனையில் நோய் பிடிபடவே இல்லை. அப்படித் தவறவிட்டவங்கள்ல, பதற்றம், மன அழுத்தம்னு முத்திரை குத்தப்பட்டது ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். நம்ம ஊர் ஓபியில் உட்கார்ந்தவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது.

டென்ஷன்ல படபடப்பு வராதான்னு கேட்டா, நிச்சயம் வரும். ஆனா நாடி 190-ல ஓடினா யாருக்குத்தான் பயம் வராது? எது முதல்ல வந்துச்சுன்னு கேட்கணும். டென்ஷன்னு எழுதுறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின், தைராய்டு ரெண்டையும் பார்க்கணும். ரத்தசோகை நம்ம ஊர்ப் பெண்கள்கிட்ட எவ்வளவு சகஜம்னு தெரியும்ல? சளி மாத்திரை, வீசிங்குக்குப் போடுற மருந்து, ராத்திரி காபி, முந்தின நாள் குடி, சுகர் மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம படுக்கிறது, இது எல்லாமே படபடக்க வைக்கும். நீங்களே எடுத்துச் சொல்லுங்க, நாங்க கேட்க மறந்துடுவோம்.

அடுத்த தடவை வரும்போது மணிக்கட்டுல விரல் வெச்சு ஒரு நிமிஷம் எண்ணுங்க. அந்தத் தாளத்தை மேஜையில் தட்டிப் பாருங்க. சீரா வேகமா இருக்கா, தாறுமாறா இருக்கா? தாறுமாறா ஓடினா, குறிப்பா வயசானவங்களுக்கு, தள்ளிப் போடாதீங்க. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா இருந்தா ரத்தம் கட்டி பக்கவாதம் வரைக்கும் கொண்டு போகலாம். திடீர்னு ஆரம்பிச்சுதா, மெல்ல ஏறுச்சான்னு குறிச்சுக்கோங்க. நிக்கிறதுக்குள்ள பக்கத்துல எங்க ஈசிஜி இருக்கோ அங்க போய் எடுத்துடுங்க, அது சின்ன கிளினிக்கா இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு துண்டு பேப்பர் எனக்கு எக்கோவைவிட உதவும். ஸ்மார்ட் வாட்ச் பதிவு இருந்தா அதையும் கொண்டு வாங்க, சிரிக்க மாட்டேன்.

மயக்கம் போட்டாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் கூட வந்தாலோ, நேரா 108. ஓடும்போது, மாடிப்படி ஏறும்போது படபடப்பு வந்தா, இல்ல குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தா, இதய மருத்துவரைப் பார்த்தே ஆகணும்.

அந்தத் தங்கச்சிக்குப் பிறகு தொடை நரம்பு வழியா வயர் விட்டு, தேவையில்லாத மின்பாதையைச் சுட்டு எடுத்துட்டாங்க. அந்த ஓட்டம் திரும்ப வரலை. போன மாசம் வந்தப்போ, எப்பவாவது ராத்திரி ஒரு 'டொம்' மட்டும் வருதுன்னாங்க. எக்டோபிக். மாத்திரை எதுவும் எழுதலை.