எழுந்ததும் கண் இருட்டுகிறதா?



போன மாதம் ஒரு விடிகாலையில் அம்மா விழுந்துவிட்டார். கட்டிலைவிட்டு எழுந்து குளியலறை வாசல்வரை போனவர், கதவைப் பிடிப்பதற்குள் சாய்ந்துவிட்டார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. "கால் தடுக்கிடுச்சுடா" என்றார். மாவுக்கட்டோடு வீடு திரும்பிய மறுநாள், துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்: "எழுந்தா கொஞ்ச நேரம் கண்ணு இருட்டிக்கிட்டு வரும். வயசானா எல்லாருக்கும் அப்படித்தானே?"

அப்படி விட்டுவிடக் கூடாது. நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. உடனே இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும், மூளைக்குப் போகும் ரத்தம் குறையாது. வயது ஏற ஏற இந்தச் சுதாரிப்பு மந்தமாகிறது. நாள்பட்ட சர்க்கரை நோயும், பி.பி. மாத்திரையும், நீர் மாத்திரையும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டுக்குத் தரும் சில மருந்துகளும் அதை இன்னும் தளர்த்தும்.

அம்மாவின் பி.பி. நோட்டில் இரண்டு வருடக் கணக்கு இருக்கிறது. எல்லாம் நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தவை, எல்லாம் சரியாகவே இருந்தன. இந்த முறை டாக்டர் ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பார்த்தார், பிறகு நிற்கவைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்த்தார். படுத்திருந்தபோது மேல் அளவு 146. நின்றதும் 114. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்குமே என்று பயந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அம்மா தண்ணீரே குடிப்பதில்லை. ஒரே வீட்டில் இருந்தும் நான் கவனிக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். (நாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது.) இப்போது அம்மா கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்தபடி இருபது முறை "முருகா" சொல்லிவிட்டுத்தான் எழுகிறார்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, நிற்கவைத்தும் பி.பி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் "எழுந்தா கண்ணு இருட்டுதா?" என்று இன்றைக்கே கேளுங்கள். அவர்கள் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்