தயிர்ச் சட்டியும் மசகெண்ணெயும்

கந்தளாய்ப் பக்கத்து எருமைத் தயிரை நம் திருகோணமலையார் அறியாதவரல்லர். சட்டியைச் சிறிது சரித்தால் தயிர் அசையாது. மேலும் சரித்தால், ஓர் எல்லையில் திடீரென உடைந்து வழியும். அவ்வெல்லைக்குள் அது திண்மம்போல நிற்கும். அப்பால் திரவம்போல ஓடும். பாலிலுள்ள நுண்ணிய புரதத் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றி வலையாகப் பின்னி நிற்பதே காரணம். வலை அறும்வரை தயிர் பொறுக்கும்.

இதே குணம் நமது கடலுக்குக் கேடாகவும் வரக்கூடும்.

எண்ணெயும் நீரும் சேரா என்பர். ஆயினும், நுண்ணிய திண்மத் துணிக்கைகள் துளிகளைக் கவசம்போலச் சூழ்ந்துகொண்டால், அத்துளிகள் ஒன்றுகூடிப் பிரியமாட்டா. 1903 இல் இராம்ஸ்டன், 1907 இல் பிக்கரிங் ஆகிய ஆங்கில அறிஞர்கள் இதனை விளக்கினர். மசகெண்ணெயில் அஸ்பால்டீன் எனும் கரிய பொருளும் மெழுகும் இயல்பாகவே உள்ளன. கடலிற் சிந்திய எண்ணெயை அலைகள் கடையும்போது, நீர்த்துளிகளுக்குக் கவசமாவன இவையே. நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேலும் நீரை ஏற்று, எண்ணெய் மும்மடங்காகப் பெருகிக் கபில நிறக் களியாகிவிடும். பாறையிலும் கண்டல் வேரிலும் ஒட்டினால், தயிரைப்போல நின்றுவிடும், வழிந்து நீங்காது. பம்பிகள் அதனை இழுக்கத் திணறும். எண்ணெயைச் சிதறடிக்கும் மருந்துகளும் பெரும்பாலும் பயனற்றுப் போகும்.

இது வீண் அச்சமன்று. 2020 செப்டெம்பர் 3 ஆம் நாள், ஏறத்தாழ 2,70,000 தொன் மசகெண்ணெயுடன் சென்ற ‘நியூ டயமண்ட்’ கப்பல், நமக்குத் தெற்கே சங்கமன்கண்டிக்கு அப்பாலுள்ள கடலில் தீப்பற்றியது. மாலுமி ஒருவர் மாண்டார். கப்பலின் எரிபொருள் சிறிது கசிந்ததேயன்றி, ஏற்றிச் சென்ற மசகெண்ணெய் சிந்தவில்லை. சிந்தியிருப்பின் கீழ்க்கரை மீனவரின் வலையும் வாழ்வும் என்னவாகியிருக்கும்? இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே ஆங்கிலேயர் அமைக்கத் தொடங்கிய எண்ணெய்க் குதங்களைச் சீனன்குடாவிற் கொண்டுள்ள நாமும் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

எண்ணெயின் வகையையும் கடலின் நிலையையும் பொறுத்து, அது களியாவதற்குச் சில மணி நேரமோ சில நாட்களோ செல்லும். அந்த இடைவேளையே நமக்குரிய காலம். தடுப்பு மிதவைகளும் பயின்ற ஆட்களும் அண்மையிலேயே ஆயத்தமாக இருந்தால்தான் அக்காலம் நமக்குப் பயன்படும். தொலைவிலிருந்து வந்து சேர்வதற்குள் அது கழிந்துவிடும்.

மாணவர்களே, இன்று உங்கள் வீட்டுத் தயிர்ச் சட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். பால் உறையுமுன் எதுவும் செய்யலாம். உறைந்த தயிரை மீண்டும் பாலாக்குதல் எவர்க்கும் அரிது.