விதை நெல்லும் அவித்த நெல்லும்



"ஓடுதா? ஓடுது! அப்ப முடிஞ்சுது." நம் கம்ப்யூட்டர் லேபில் தினமும் ஒலிக்கும் மந்திரம் இதுதான். பக்கம் திரையில் தெரிந்துவிட்டால் போதும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். அது போதாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வெப் சர்வர் ஒரு ஃபைலை மட்டும் தனியாக அனுப்புவதில்லை. அதற்கு முன்னால் சில வரிகளை அனுப்புகிறது. அவற்றில் ஒன்று 'கன்டென்ட்-டைப்'. பின்னால் வரும் சரக்கு என்ன என்று சொல்லும் வரி அது. 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' என்றால் வலைப்பக்கம், 'இமேஜ்/பிஎன்ஜி' என்றால் படம், 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்றால் பிடிஎஃப். இந்த முறை முதலில் மின்னஞ்சலுக்காகப் பிறந்தது. போரன்ஸ்டைன், ஃப்ரீட் என்ற இருவர் 1992-ல் 'மைம்' என்ற பெயரில் இதை வகுத்தார்கள். பிறகு இணையமும் இதை எடுத்துக்கொண்டது.

என் அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஆனால் மூட்டை மேல் போட்ட மைக்குறியைப் பார்த்தே எது எந்த அடுக்குக்குப் போகணும் என்று சொல்லிவிடுவார். "பிரிச்சுப் பாக்குறது என் வேலை இல்லப்பா. குறி போட்டவன் யோக்கியமா போட்டிருக்கணும்" என்பார். உண்மைதானே? அவித்த நெல் மூட்டையில் விதை நெல் குறி விழுந்தால், விதைத்தவன் வயலில் என்ன முளைக்கும்?

சர்வரில் குறி போடுகிறவர்கள் நாம்தான். அப்பாச்சி சர்வரில் எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எந்த வகை என்று 'மைம்.டைப்ஸ்' ஃபைலில் பட்டியல் இருக்கிறது. அதில் இல்லாததை 'ஆட்-டைப்' கட்டளை மூலம் நாமே சேர்க்கலாம். ஒரே ஒரு வரி வேலை!

"பிரவுசர் தானா கண்டுபிடிச்சுக்கும்டா, உனக்கென்ன கவலை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஊகம் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், குறியை ஒதுக்கிவிட்டு ஃபைலின் உள்ளே எட்டிப்பார்த்து முடிவு செய்யும். படம் என்ற பெயரில் ஒருவன் ஏற்றிய ஃபைலுக்குள் ஸ்கிரிப்ட் ஒளிந்திருந்தால், அதையே வலைப்பக்கம் என்று நினைத்து ஓட்டிவிடும். கதவைத் திறந்து வைத்து திருடனுக்குக் காபியும் கொடுத்த கதை! அதனால்தான் 2009-ல் வந்த எக்ஸ்ப்ளோரர் 8-ல் 'நோஸ்னிஃப்' என்ற தடை சேர்ந்தது. முன்பெல்லாம் அப்பாச்சி, வகை தெரியாத ஃபைலையும் வெறும் எழுத்து என்று சொல்லி அனுப்பும். 2012-ல் வந்த 2.4 பதிப்பில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லாதே என்ற பாடத்தை சர்வரே கற்றுக்கொண்டது. நாம் எப்போது கற்றுக்கொள்வது?

இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். என் சித்தி உதவித்தொகை விண்ணப்பத்துக்காக ஓர் அலுவலகத்தின் தளத்தைப் போனில் திறந்தார். திரை முழுக்கப் புரியாத குறிகள். "நான் படிக்காதவ, எனக்கு எங்க இதெல்லாம் வரப்போவுது" என்று போனைக் கீழே வைத்துவிட்டார். எனக்குச் சந்தேகம் வந்து ஹெடரைப் பார்த்தேன். வந்தது பிடிஎஃப், குறியோ 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்'. பிஎச்பியில் நாம் வகையைச் சொல்லாவிட்டால் அது தானாகப் போடுகிற குறி அதுதான். குறி போட்டவர் செய்த பிழைக்கு, படிக்காத சித்தி தன்னைத்தானே நொந்துகொண்டார். நியாயமா இது?

தமிழுக்கும் இதே கதிதான். 'சார்செட் யுடிஎஃப்-8' என்று எங்குமே சொல்லாமல் அனுப்பினால், நம் அழகான எழுத்துகள் கிறுக்கலாக மாறி நிற்கக்கூடும்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. ஒன்று, வலைப்பக்கம் எழுதும் ஒவ்வொரு லேப் பயிற்சியிலும் ஹெடரைச் சரிபார்த்து ரெக்கார்டில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். மாணவர் பேரவை இதை ஆசிரியர்களிடம் எடுத்துச் செல்லட்டும். இரண்டு, அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். எஃப்-12 பொத்தானை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியில் அந்த ஒரு வரியைப் படியுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

நாளைக்கு நம்மில் பலர் யாரோ ஒருவருடைய சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போவோம். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் வீட்டு ஆளாகவே இருக்கலாம். அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம்மை நம்பித்தான் வாங்குகிறார். நண்பர்களே, குறியை யோக்கியமாகப் போடுவோம்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், கணிப்பொறிப் பிரிவு