30 சென்ட் பார்ட்டுக்கு 11 யூரோவா?

லெகோ செட் வாங்கி, புக்லெட்டில் இருப்பதை அப்படியே அடுக்குவது ஒரு ரகம். சொந்தமா டிசைன் யோசிச்சு, அதுக்கு வேண்டிய பார்ட்ஸை மட்டும் தேடித்தேடி வாங்குவது இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்துக்காரங்க போய் நிற்கிற சந்தைதான் பிரிக்லிங்க். 2000-ல் ஒரு தனி ரசிகர் தொடங்கிய தளம். 2019 நவம்பரில் லெகோ குழுமமே இதை வாங்குவதாக அறிவித்தபோது, 70 நாடுகளைச் சேர்ந்த 10,000-க்கும் மேற்பட்ட கடைகள் இதில் இருந்தன. இதில் பல கடைகள் பெரிய கம்பெனிகள் இல்லை. வீட்டில் ஒரு அறையில் பார்ட்ஸை டப்பா டப்பாவாகப் பிரித்து வைத்து விற்கிற ஆட்கள்.

கேட்க அருமையா இருக்கு, இல்லையா? ஆனா வாங்கப் போனவங்க புலம்பல் வேற மாதிரி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க.

ஜெர்மனியில் ஒருத்தருக்கு 40 வகை பார்ட்ஸ் வேணும்னு வைத்துக்கொள்வோம். முதல் கடையில் 38 வகை இருக்கு, 22 யூரோ. மீதி 2 வகைக்கு இன்னும் 2 கடை, ஒவ்வொன்றும் 30 சென்ட். ஆக 22.60. நான்காவது கடையில் 40 வகையும் இருக்கு, ஆனா 30 யூரோ. எதை எடுப்பீங்க? கண்ணை மூடிக்கிட்டு 22.60-ஐத்தானே?

இப்போ ஒவ்வொரு கடைக்கும் தபால் செலவு 6 யூரோ, அந்தச் சின்னக் கடைகளில் குறைந்தபட்ச ஆர்டர் 5 யூரோன்னு சேருங்க. முதல் கடைக்கு 28. அடுத்த இரண்டுக்கும் தலா 11. மொத்தம் 50 யூரோ! நான்காவது கடையில் எல்லாம் சேர்த்து 36 தான். மலிவுன்னு எடுத்தது 14 யூரோ அதிகத்தில் முடியுது.

அல்காரிதம் பேப்பர் படிச்சவங்களுக்கு இது எங்கேயோ பார்த்த முகமா தெரியும். ஃபெசிலிட்டி லொக்கேஷன் பிராப்ளம். ஒரு கடையை 'திறக்க' ஒரு செலவு, அங்கிருந்து ஒவ்வொரு பொருளையும் எடுக்க ஒரு செலவு, மொத்தத்தைக் குறைக்கணும். இது என்.பி.-ஹார்ட். நூற்றுக்கணக்கான பார்ட்ஸ், ஆயிரக்கணக்கான கடைகள்னா, ஆகச் சிறந்த விடை எப்பவும் சட்டுனு வரும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதை நான் குறை சொல்லலை. என் கோபம் விடை மேல இல்லை, இன்புட் மேல. கடைகளை ஒப்பிடும்போது கண்ணில் படுவது பார்ட்ஸ் விலை. தபால் செலவோ செக்-அவுட் வரைக்கும் போனால்தான் தெரியும். சில கடைகளில், ஆர்டர் போட்ட பிறகு விற்பவர் பில் அனுப்பும்போதுதான் தெரியும். கணக்கின் முக்கியமான எண் கடைசியில் வந்தால், மனுஷனும் தப்பாத்தான் முடிவெடுப்பான், அல்காரிதமும் தப்பாத்தான் முடிவெடுக்கும்.

விற்பவர் பக்கமும் நியாயம் இருக்கு. 30 சென்ட் பார்ட்டைத் தேடி எடுத்து, எண்ணி, பேக் பண்ணி, தபால் ஆபீஸ் போய் வர அவருக்கு என்ன மிஞ்சும்? குறைந்தபட்ச ஆர்டர் அவருக்கு அவசியம். அதை எடுக்கச் சொல்லவில்லை. முன்னாடியே கூட்டிக் காட்டச் சொல்கிறேன்.

"எடை தெரியாம தபால் செலவை எப்படி முன்னாடியே சொல்றது?" என்று கேட்கலாம். எடை தெரியுமே! பிரிக்லிங்க் கேட்டலாகில் பார்ட்டுக்குப் பார்ட் எடை போட்டிருக்கு. 3001 என்ற எண்ணுள்ள சாதாரண 2x4 பிரிக் சுமார் 2.3 கிராம். உடனடி செக்-அவுட் வைத்திருக்கும் கடைகள் தங்கள் தபால் கட்டண விவரத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டன. எடையும் இருக்கு, கட்டணமும் இருக்கு. பெருக்கிக் கூட்டி, ஒப்பிடும் பக்கத்திலேயே காட்டுவதுதான் பாக்கி.

இதில் வலிக்கிற விஷயம் இன்னொன்று. அந்தக் கேட்டலாகைப் பல வருஷமா வளர்த்தவங்க சம்பளக்காரங்க இல்லை, உறுப்பினர்கள். தளம் இப்போ பொம்மையைத் தயாரிக்கிற நிறுவனத்தின் கையில். சரிசெய்ய ஆள் பலமும் பணமும் இல்லைன்னு அவங்க சொல்ல முடியாது.

"ஐரோப்பாவில் எவனோ பொம்மை வாங்குறதுக்கு நாம ஏன் கவலைப்படணும்?"னு நினைக்கிறீங்களா? கடைசிப் பக்கத்தில் விலை ஏறும் வித்தை நம்ம ஃபோனிலும் இருக்கு. 2023 நவம்பரில் இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை டார்க் பேட்டர்ன்களைப் பட்டியலிட்டது. விலையின் ஒரு பகுதியை முதலில் சொல்லாமல் பிறகு சேர்க்கும் 'டிரிப் பிரைசிங்' அதில் ஒன்று. பிரிக்லிங்க் வேணும்னே ஏமாற்றுதுன்னு நான் சொல்லலை. ஆனா வாங்குபவருக்கு விளைவு ஒண்ணுதான்.

மினி பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? ரீபிரிக்கபிள் தளத்தில் லெகோ செட், பார்ட்ஸ் விவரம் சி.எஸ்.வி. கோப்பாக இலவசமாகக் கிடைக்குது. கடை விலையையும் தபால் கட்டணத்தையும் நீங்களே கற்பனையாகப் போட்டு, மேலே சொன்ன கணக்கை ஒரு கிரீடி முறையில் எழுதிப் பாருங்க. தபால் செலவைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை ஓட்டுங்க. வித்தியாசம் உங்க ஸ்கிரீனிலேயே தெரியும். நாளைக்கு நீங்க ஒரு ஷாப்பிங் ஆப் எழுதும்போது, மொத்த விலையை எந்தப் பக்கத்தில் காட்டுவதுன்னு முடிவெடுக்கும் இடத்தில் நீங்கதான் உட்கார்ந்திருப்பீங்க. முதல் பக்கத்திலேயே காட்டுங்க.