கடாட்சமல்ல, கண்!

மேடையிலே பித்துப் பிடித்த மன்னனைக் காண்கிறோம். நடிப்பவரோ நல்லறிவு படைத்தவர். கந்தல் உடுத்த நாடோடியைக் காண்கிறோம்; நடிப்பவரோ செல்வர் வீட்டுப் பிள்ளை. மகனைப் பறிகொடுத்த தாயைக் காண்கிறோம். நடிப்பவருக்கோ அந்தத் துயர் நேர்ந்ததில்லை. தாம் வாழாத வாழ்வை, தமக்குப் பழக்கமில்லாத நடையை, பேச்சை, நடுக்கத்தை இவர்கள் எங்ஙனம் நாம் நம்பும்படி காட்டுகிறார்கள்?

கேட்டுப் பாருங்கள். ‘கலைவாணியின் கடாட்சம்’ என்பார் ஒருவர். ‘முற்பிறவி வாசனை’ என்பார் இன்னொருவர். ‘பரம்பரை இரத்தம் பேசுகிறது’ என்பார் மூன்றாமவர். விடைகள் மூன்று; பொருள் ஒன்றுதான்: ‘எங்களுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை!’

தெரிந்துகொள்ள விரும்புவோர் நம்மோடு 1902ஆம் ஆண்டின் மாஸ்கோ நகருக்கு வரட்டும்.

மாஸ்கோ கலை அரங்கு தோன்றி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கார்க்கி எழுதிய நாடகம் ஒன்றை அரங்கேற்ற முனைந்தனர். வீடற்றோரும் திருடரும் குடிகாரரும் ஒண்டிக் கிடக்கும் இரவு விடுதியே அதன் களம். இயக்கியவர்களுள் ஒருவர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. பொன்னிழை ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தின் மகன். அத்தகையவருக்கு ஒண்டிக் கிடப்போரின் வாழ்வு எப்படித் தெரியும்? கோயிலுக்குச் சென்று வரம் கேட்டாரா? இல்லை. கித்ரோவ் சந்தைக்குச் சென்றார்! நகரத்து ஏழ்மை எல்லாம் திரண்டு கிடந்த இடம் அது. அதன் சந்து பொந்துகளை அறிந்த கிலியாரோவ்ஸ்கி என்ற பத்திரிகையாளர் வழிகாட்ட, நடிகர்களும் அரங்க ஓவியர் சிமோவும் உடன் சென்றனர். அங்கிருந்தோருடன் அமர்ந்து உண்டனர், பேசினர், அவர்கள் கதைகளைக் கேட்டனர். அந்த இருட்டறைகளிலே சிலர் நாடக ஏடுகளைப் படியெடுத்து எழுதிக் கொடுத்தே பிழைத்துக்கொண்டிருந்தார்களாம்! அரங்கிற்கு உரை எழுதித் தந்த கைகள் அரங்கின் ஒளியைக் கண்டதில்லை. நாடகத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளைவிட அந்தப் பயணமே தமக்கு உயிரூட்டியதாக ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பின்னாளில் தம் நூலில் எழுதினார். அந்த ஆண்டு டிசம்பரில் நாடகம் அரங்கேறியது. மாஸ்கோ ஆரவாரித்து வரவேற்றது.

இது ஒரு நாட்டின், ஒரு நாளின் கதையன்று. 1742இல் லியர் மன்னன் வேடம் ஏற்ற ஆங்கில நடிகர் டேவிட் காரிக்கைப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த ஒருவர், தம் குழந்தையைச் சாளரத்தருகே கொஞ்சுகையில் கைநழுவ விட்டார். குழந்தை மாண்டது, தந்தையின் அறிவு கலங்கியது. அதன்பின் அவர் சாளரத்தருகே நின்று, இல்லாத குழந்தையைக் கொஞ்சுவார், நழுவ விடுவார், கதறுவார். அவரைப் பலமுறை சென்று கண்டே லியரின் பித்தைக் கற்றதாகக் காரிக் கூறினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர்.

1949 ஜனவரியில் பெர்லினில் நடந்தது இன்னும் நெஞ்சைத் தொடுவது. பிரெக்டின் நாடகத்தில் ஹெலன் வைகல் துணிவுத் தாயாக நடித்தார். மகனைச் சுட்டுக் கொல்லும் ஒலி கேட்கிறது. தாயின் தலை பின்னே சாய்கிறது; வாய் அகலத் திறக்கிறது; குரல் மட்டும் வரவில்லை! அந்த ஓசையற்ற ஓலம் உலக நாடக வரலாற்றில் நிலைத்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது? சிங்கப்பூர் தாக்கப்பட்டபோது மாண்ட மகனருகே குந்தியிருந்த ஓர் இந்தியத் தாயின் பத்திரிகைப் படத்திலிருந்து வந்திருக்கலாம் என்று பிரெக்ட் குறித்தார். அந்தப் படத்தைப் பார்த்தது வைகலுக்கே நினைவில்லை. நடிகரின் கண்கள் இவ்வாறே சேமிக்கின்றன என்பது அவர் கருத்து. பெயர் தெரியாத ஒரு தாயின் துயரம், கடல் கடந்து சென்று பெர்லினைக் கலங்க வைத்தது. எந்தக் கலைவாணி அனுப்பினாள் அந்தப் படத்தை?

பார்த்தால் மட்டும் போதுமா? பார்த்ததன் காரணத்தை அறியவேண்டும். குடித்தவன் தள்ளாட முயல்வதில்லை. தள்ளாடாமல் நடக்கத்தான் முயல்கிறான். அந்த முயற்சியை நடித்தால் குடிகாரன் தெரிகிறான். தள்ளாட்டத்தை மட்டும் நடித்தால் கோமாளி தெரிகிறான். முதியவர் அழகுக்காகக் குனிவதில்லை, மூட்டுகள் இறுகிவிட்டன. ஆகவே அமருமுன் கை ஒரு பிடிமானத்தைத் தேடுகிறது. பார்வையற்றவர் எந்நேரமும் காற்றைத் துழாவுவதில்லை. ஒலி வரும் திசையை உணர்கிறார், பழகிய வீட்டில் நம்மைப் போலவே நடமாடுகிறார். காரணம் தெரிந்தவர் நடிக்கிறார், தெரியாதவர் பழிக்கிறார்.

ஆம், பழிக்கிறார்! நாம் பாடம் நடத்தும் பள்ளிகளின் ஆண்டு விழாக்களையே எண்ணிப் பாருங்கள். ஏழை என்றால் முகத்தில் கரி. தொழிலாளி என்றால் கட்டைக் குரல். கிராமத்துப் பெண் என்றால் கோணல் பேச்சு. திக்கிப் பேசுபவர் வந்தால் கொல்லென்று சிரிப்பு. அதே கூட்டத்தில் திக்கிப் பேசும் மாணவன் தலைகுனிந்து அமர்ந்திருப்பதை யார் பார்த்தார்கள்? திரையில் மாற்றுத் திறனாளிகளை எவ்வாறு சித்திரிக்க வேண்டும் என்பதற்கு 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே நெறிகள் வகுத்தது. கலைஞர்களின் கண் செய்யவேண்டிய வேலையை நீதிமன்றம் எடுத்துச் சொல்ல நேர்ந்ததே!

‘ஒரே பயிற்சி பெற்ற இருவரில் ஒருவர் ஒளிர்கிறார், மற்றவர் மங்குகிறாரே, அது வரமில்லையா?’ என்று கேட்கலாம். குரல் வளம் வேறுபடும், உடல் வணக்கம் வேறுபடும், நினைவாற்றல் வேறுபடும். மறுக்கவில்லை. ஆனால் அந்த வேறுபாடு குலத்தைப் பார்த்து வருவதில்லை; கோயிலைச் சுற்றியும் வருவதில்லை. 1912இல் பிறந்த தி. க. சண்முகம் என்ற ஆண்மகன், கூன் விழுந்த மூதாட்டியாக மேடையேறி, ‘ஔவை’ என்பதையே தம் பெயரோடு ஒட்டிப் பெற்றார். எந்தப் பரம்பரை இரத்தம் அவருக்கு மூதாட்டியின் நடையைத் தந்தது?

இங்கேதான், தோழர்களே, இந்தக் கேள்வி அரங்கைத் தாண்டுகிறது. ‘அவரவர் நடையும் பேச்சும் குணமும் பிறப்பிலேயே அமைந்தவை’ என்று நமக்குக் காலங்காலமாகச் சொன்னார்கள். செல்வர் மகன் விடுதிவாசியாகிறான், ஏழையின் மகன் அரியணையில் கம்பீரமாக அமர்கிறான், இளைஞன் மூதாட்டியாகிறான். பிறப்பு எழுதியதாகச் சொன்னதை எல்லாம், பார்வையும் பயிற்சியும் இரண்டு மணி நேரத்தில் அழித்து எழுதிக் காட்டுகின்றன. பிறவிக் குணம் என்ற பொய்யை ஒவ்வொரு நல்ல நடிகரும் மேடையில் நின்று உடைக்கிறார். அவரையே பிறவி வரத்துக்குச் சான்றாகக் காட்டுவது எத்தனை பெரிய மோசடி!

நாடகம் போட முன்வரும் இளைஞர்களே! ஒத்திகைக்கு முன் பூசை போடவேண்டாம்; புறப்பட்டுச் செல்லுங்கள். சுமை தூக்குபவரின் தோளைப் பாருங்கள். நாற்று நடுபவரின் முதுகைப் பாருங்கள். குப்பை அள்ளுபவரின் விரல்களைப் பாருங்கள். வேடிக்கை பார்ப்பவராக ஒதுங்கி நிற்காமல், அருகில் அமர்ந்து கேளுங்கள். நீங்கள் நடித்ததை அவர்களே முன்வரிசையில் அமர்ந்து பார்த்து, ‘ஆமாம், இது நாங்கள்தான்’ என்று சொல்லட்டும். அதைவிட உயர்ந்த பரிசு அரங்கிலே இல்லை.